நெல்லிக்காய் சாரமும் எலியின் இதயமும்: சிகே-எம்பி இறங்கினால் போதுமா?

மாணவி_மருந்தியல் | 4 நவம்பர் 2024, காலை 9.10

எம்.ஃபார்ம் புராஜெக்ட். நெல்லிக்காய்ப் பழத்தின் 70% எத்தனால் சாரம், விஸ்டார் எலி, 30 நாள் வாய்வழி. 29, 30-ஆம் நாள் ஐசோபிரினலின் (இதயத்தை முடுக்கிச் சேதப்படுத்தும் மருந்து) 85 மி.கி./கிலோ தோலடியில். 31-ஆம் நாள் ரத்தமும் இதயமும் எடுக்கிறோம். சிகே-எம்பி, எல்டிஹெச், ஏஎஸ்டி (இதயத் தசை சிதைஞ்சா ரத்தத்துல ஏறும் நொதிகள்) மூன்றும் குறைந்தால் "இதயத்தைக் காக்கும்" என்று முடிவு எழுதலாம்தானே? இதே மாதிரி பேப்பர் நிறைய இருக்கு. எங்கே கவனமா இருக்கணும்னு தெரிஞ்சவங்க சொல்லுங்க.

கல்வம் | 4 நவம்பர், காலை 11.40

எழுதலாம். ஆனால் முழுசாக எழுத வேண்டும்: "முன்கூட்டியே கொடுத்தால், ஐசோபிரினலின் செய்யும் சேதத்திலிருந்து, எலியின் இதயத்தைக் காக்கிறது." இதில் எந்தத் துண்டை விட்டாலும் பொய்யாகிவிடும். நெஞ்சுவலியோடு வரும் நோயாளி 30 நாள் முன்னாலேயே நெல்லிக்காய் சாப்பிட்டுவிட்டு வருவதில்லை. சேதம் நடந்த பிறகு கொடுக்கும் ஒரு குழு வைத்தால் உங்கள் வேலை மற்ற நூறு பேப்பரிலிருந்து தனியாக நிற்கும்.

இந்த மாதிரியை 1959-இல் ரோனா குழு எழுதியது. ஐசோபிரினலின் இதயத்தின் பீட்டா ஏற்பியை (அட்ரினலின் வேலை செய்யும் இடம்) அளவுக்கு மீறி முடுக்கினால் துடிப்பு எகிறும், ரத்த அழுத்தம் விழும், இதயத் தசைக்கு ஆக்சிஜன் தேவை கூடும், வரத்து குறையும், செல்லுக்குள் கால்சியம் குவியும். மருந்தே ஆக்சிஜனேற்றமாகி, செல்லைச் சேதப்படுத்தும் குயினோன்களையும் தனி உறுப்புகளையும் (ஃப்ரீ ராடிக்கல்) உண்டாக்கும். ரத்தக்குழாய் அடைபட்டு வரும் மாரடைப்பு வேறு, இது வேறு. இதில் புண் இதயத்தின் உட்சுவர்ப் பக்கம் புள்ளி புள்ளியாகப் பரவி இருக்கும்.

முதலில் பழத்தைப் பற்றிப் பேசுவோம், எலி பிறகு. எங்கே வாங்கினீர்கள்?

மாணவி_மருந்தியல் | 4 நவம்பர், மதியம் 1.05

நாட்டு மருந்துக் கடையில் நெல்லிமுள்ளி 1 கிலோ. அரைச்சு வச்சுட்டேன்.

கல்வம் | 4 நவம்பர், மதியம் 2.30

அதைத் தூக்கி வையுங்கள். காரணம் மூன்று.

கடை நெல்லிமுள்ளியில் உப்புப் போட்டுக் காய வைத்ததும் இருக்கும், போடாததும் இருக்கும். இதய ஆய்வில் அளவு தெரியாத சோடியம் கூடாது. ஒரு துண்டை நாக்கில் வைத்தாலே தெரியும், ஆனால் நாக்கை முறை என்று எழுத முடியாது. இரண்டாவது, வெயிலில் பல நாள் கிடந்த வற்றலில் வைட்டமின் சி பெரும்பாலும் போயிருக்கும், டானின்களும் (துவர்ப்புத் தரும் பீனால்கள்) உடைந்திருக்கும். மூன்றாவது, அரைத்த பொடியை யாராலும் அடையாளம் சொல்ல முடியாது. இலை, காயோடு ஒரு கிளையை எடுத்துக்கொண்டு கோவையில் இருக்கும் இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தின் தென்மண்டல மையத்தில் சான்று வாங்குங்கள். பில்லாந்தஸ் எம்ப்ளிகா என்று எழுதுங்கள், எம்ப்ளிகா அஃபிசினாலிஸ் பழைய பெயர். அரைநெல்லி வேறு இனம், பில்லாந்தஸ் ஆசிடஸ்.

இப்போது சீசன்தான். ஒரே தோட்டம், ஒரே ரகம், ஒரே நாள் பறிப்பு. பவானிசாகரில் வெளியிட்ட பிஎஸ்ஆர்-1 ஆனாலும் சரி, என்ஏ-7 ஆனாலும் சரி, ரகத்தை எழுதி வையுங்கள்.

செய்முறை: கழுவி, கொட்டை நீக்கி, துருப்பிடிக்காத எஃகுக் கத்தியால் மெல்லிசாகச் சீவுங்கள். இரும்புக் கத்தியோ இரும்பு உரலோ பட்டால் டானின் இரும்போடு சேர்ந்து கறுக்கும். கடுக்காயில் மை செய்ததும் இதே வினையால்தான். அப்படிக் கறுத்தது சாரத்தோடு போய் எலிக்குள் இரும்பாகச் சேரும். 40 டிகிரி காற்றோட்ட அடுப்பில் சீவல் ஒடியும் வரை உலர்த்தி, 40 மெஷ் சல்லடையில் சலியுங்கள். 100 கிராம் பொடிக்கு 1 லிட்டர் 70% எத்தனால், மூடிய கண்ணாடிக் குடுவை, இருட்டில் 72 மணி நேரம், அவ்வப்போது குலுக்கல். முதலில் மஸ்லின் துணியிலும் பிறகு வாட்மேன் 1 வடிதாளிலும் வடிகட்டுங்கள். சக்கையை இன்னொரு முறை ஊற வைத்து இரண்டையும் சேருங்கள். ரோட்டரி எவாப்பரேட்டரில் (வெற்றிடத்தில் கரைப்பானை ஆவியாக்கும் கருவி) 45 டிகிரிக்கு மேல் போகாதீர்கள்.

சாக்ஸ்லெட் (சூடான கரைப்பானைத் திரும்பத் திரும்ப ஊற்றிச் சாரம் எடுக்கும் கருவி) வேண்டாம். எல்லாரும் அதை எடுத்துக்கொள்வது மேசையில் இருக்கிறது என்பதால்தான். மணிக்கணக்கில் கொதித்தால் நீரால் உடையக்கூடிய டானின்கள் கேலிக் அமிலமாகவும் எல்லாஜிக் அமிலமாகவும் உடையும். பிறகு "கேலிக் அமிலம் அதிகம், நல்ல சாரம்" என்று எழுதுவோம். அது பழத்தின் குணமில்லை, நம் அடுப்பின் குணம்.

பவானிக்கரை | 4 நவம்பர், இரவு 8.15

நெல்லிக்காயில் 100 கிராமுக்கு 600 மி.கி. வைட்டமின் சி என்பதுதானே இதற்கெல்லாம் அடிப்படை? எல்லாப் பாக்கெட்டிலும் அதுதான் இருக்கிறது.

கல்வம் | 4 நவம்பர், இரவு 9.00

600 என்பது தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் பழைய அட்டவணை. அதே நிறுவனம் 2017-இல் வெளியிட்ட புதிய அட்டவணையில் 250-ஐ ஒட்டி இருக்கிறது. பழைய சாய முறை, டானின் போன்ற மற்ற ஒடுக்கும் பொருள்களையும் சேர்த்து வைட்டமின் சி என்று எண்ணிவிடும். இந்தப் பழத்தில் அதுவே பெரிய பிழை. எச்பிஎல்சியில் (பொருள்களைப் பிரித்து அளக்கும் கருவி) தனியாகப் பாருங்கள்.

டானின் பக்கமும் சண்டை உண்டு. 1990-களில் இரண்டு டானின்களுக்கு எம்ப்ளிகானின் ஏ, பி என்று பெயர் வைத்து, வைட்டமின் சி-யின் வேலையெல்லாம் உண்மையில் அவை செய்வதுதான் என்றார்கள். பிறகு வந்த பகுப்பாய்வுகளில் மியூசிக் அமில (mucic acid) கேலேட்டுகள்தான் பெரிய பங்கு, எம்ப்ளிகானின் அந்த அளவில் இல்லை என்று மறுத்தார்கள். ஆகவே "எம்ப்ளிகானின் 30%" என்று லேபிள் போட்ட சாரத்தை வாங்கி அந்த எண்ணை அப்படியே ஆய்வேட்டில் எழுதாதீர்கள். நீங்களே அளந்த கேலிக் அமிலம், எல்லாஜிக் அமிலம் இரண்டையும் எழுதினால் போதும்.

கல்வம் | 5 நவம்பர், காலை 6.50

நேற்று விட்டது. மொத்தப் பீனால் அளவுக்கு ஃபோலின் சோதனை செய்வீர்கள். அதில் அஸ்கார்பிக் அமிலம் பீனாலைப் போலவே நீலம் காட்டும், பழச் சர்க்கரையும் கொஞ்சம் காட்டும். எச்பிஎல்சியில் வந்த வைட்டமின் சி அளவுக்கு ஒரு கரைசல் செய்து, அதே தட்டில் 765 நானோமீட்டரில் படித்து, கழித்துவிடுங்கள்.

பழச் சாரத்தில் பெரும்பங்கு சர்க்கரையும் கரிம அமிலமும்தான். அதனால் கன்ட்ரோல் குழுவுக்கு வெறும் தண்ணீர் போதாது, அதே அளவு சர்க்கரைக் கரைசல் கொடுக்க ஒரு குழு சேருங்கள்.

சீரம் | 5 நவம்பர், காலை 10.20

கல்வம் சொன்னதெல்லாம் சரி. ஆனால் மாணவி கேட்டது சிகே-எம்பி பற்றி, அதற்கு யாரும் பதில் சொல்லவில்லை. சிகே நொதி எம், பி என்ற துணை அலகுகள் இரண்டிரண்டாகச் சேர்ந்தது; எம்எம், எம்பி என்பவை அதன் வகைகள். ஆஸ்பத்திரி லேபில் வாங்கும் சிகே-எம்பி கிட் மனிதனுக்கானது. அதன் ஆன்டிபாடி மனித எம் துணை அலகைத் தடுக்கும். தடுத்த பிறகு மிஞ்சும் செயல்பாடு பி என்று எடுத்துக்கொண்டு 2-ஆல் பெருக்கி எம்பி என்று சொல்லும். எலியின் எம் அலகு முழுசாகத் தடுபடாவிட்டால், மிஞ்சிய எம்எம்மும் 2-ஆல் பெருகும். அதனால்தான் சில ஆய்வேடுகளில் சிகே-எம்பி, மொத்த சிகே-யை விட அதிகமாக இருக்கும். பகுதி முழுசை விடப் பெரிதாக இருக்க முடியாது என்று யாரும் நின்று பார்ப்பதில்லை.

மொத்த சிகே-யையும் சேர்த்து அளந்து, விகிதத்தைப் பாருங்கள். எலிக்கான டிரோபோனின் ஐ (troponin I, இதயத் தசைப் புரதம்) அளக்கும் எலைசா கிட் ஒன்று வாங்கக் கைடிடம் பணம் கேளுங்கள். மூன்று நொதி அளப்பதை விட அது ஒன்று மேல்.

அடுத்தது ரத்தச் சிதைவு. சிவப்பணுவுக்குள் எல்டிஹெச் சீரத்தில் இருப்பதைப் போல நூறு மடங்குக்கு மேல். ஏஎஸ்டியும் உண்டு. அடினைலேட் கைனேஸ் என்ற நொதி வேறு வெளியே வந்து சிகே அளவைக் கெடுக்கும். ஊசியோடு குழாய்க்குள் பீய்ச்சினால் அணுக்கள் உடையும். ஊசியைக் கழற்றிவிட்டு, குழாயின் சுவர் வழியாக மெதுவாக விடுங்கள். 30 நிமிடம் அறை வெப்பத்தில் உறைய விட்டு, 3000 சுற்றில் 10 நிமிடம். சீரம் இளஞ்சிவப்பாக இருந்தால் அந்த மாதிரி போச்சு. கண்ணை நம்பாமல் 414 நானோமீட்டரில் ஒரு தடவை படியுங்கள். எல்டிஹெச்சை அன்றே பாருங்கள். அதன் சில ஐசோஎன்சைம்கள் குளிரில் செயலிழக்கும், ஃப்ரீசரில் வைத்துப் பிறகு பார்த்தால் எண் தானாகவே "குறையும்".

மாணவி_மருந்தியல் | 5 நவம்பர், மதியம் 12.45

ரொம்ப நன்றி சார். ஐசோபிரினலின் கரைசல் மொத்தமா ஒரே தடவை செஞ்சு ரெண்டு நாளும் போடலாமா? 200 கிராம் எலிக்கு எவ்வளவு வரும்?

கல்வம் | 5 நவம்பர், மாலை 4.10

கூடாது. இரண்டு நாளும் தனித்தனியாக, போடுவதற்குச் சற்று முன்.

கணக்கு: 85 மி.கி./கிலோ, 2 மி.லி./கிலோ என்றால் செறிவு 42.5 மி.கி./மி.லி. 200 கிராம் எலிக்கு 0.4 மி.லி., அதாவது 17 மி.கி. 85 என்பது ஹைட்ரோகுளோரைடு உப்பின் எடையா, பேஸின் எடையா என்று எழுதுங்கள். உப்பு 1.17 மடங்கு கனம். அதை விட்டுவிட்டால் உங்கள் டோஸ் 17% தள்ளிப் போகும், அடுத்தவர் செய்தால் எலிகள் அதிகமாகச் சாகும் அல்லது சேதமே வராது.

கரைசலைக் கவனித்துப் பாருங்கள். செய்தவுடன் தண்ணீர் மாதிரி இருக்கும். வெளிச்சத்தில் மேசை மேல் வைத்தால் ஓரத்திலிருந்து மெல்ல ரோஜா நிறம் ஏறும். அது ஆக்சிஜனேற்றமான மருந்து. முதல் எலிக்கு நிறமற்றதும் கடைசி எலிக்கு ரோஜா நிறமும் போனால், இரண்டும் ஒரே டோஸ் இல்லை. குழு வரிசையாகப் போட்டால் இன்னும் மோசம்: நோய்க் குழுவுக்கு (சாரம் இல்லாமல் ஐசோபிரினலின் மட்டும் பெறுவது) புது மருந்து, சாரக் குழுவுக்குப் பழைய மருந்து, சாரம் "காத்தது" என்று முடிவு. பழுப்புக் குழாய், ஐஸ், அரை மணி நேரத்துக்குள் முடியுங்கள், எல்லாக் குழுவிலிருந்தும் மாறி மாறி எடுங்கள்.

நிறம் வராமல் இருக்க அஸ்கார்பிக் அமிலம் போடச் சிலர் சொல்வார்கள். வேறு ஆய்வுக்குச் சரி. ஆக்சிஜனேற்ற எதிர்ப்பைச் சோதிக்கும் ஆய்வில் சேதம் செய்யும் ஊசிக்குள்ளேயே ஆக்சிஜனேற்ற எதிர்ப்பியைப் போடக் கூடாது.

கல்வம் | 5 நவம்பர், இரவு 10.30

காலையில் சொன்ன சர்க்கரைக் குழுவை வாபஸ் வாங்குகிறேன். கணக்குப் போட்டுப் பார்த்தேன். 200 மி.கி./கிலோ டோஸில் 200 கிராம் எலிக்குப் போவது 40 மி.கி. சாரம். பாதி சர்க்கரை என்றாலும் 20 மி.கி. அந்த எலி ஒரு நாளைக்குச் சுமார் 15 கிராம் தீனி தின்கிறது. 20 மி.கி. சர்க்கரைக்காக 8 எலிகளைக் கொல்ல வேண்டாம். நெறிமுறைக் குழுவும் கேட்கும், கேட்க வேண்டும்.

சர்க்கரையால் வரும் உண்மையான சிக்கல் சாரத்தின் செறிவில்தான். நீக்க வேண்டுமென்றால் பீனால்களைப் பிடித்துக்கொள்ளும் மேக்ரோபோரஸ் ரெசின் குழாயில் நீர்க் கரைசலை ஏற்றி, தண்ணீர் விட்டுச் சர்க்கரையைக் கழுவி, 70% எத்தனாலில் பீனால்களை இறக்குங்கள். கழுவு நீர் தித்திக்காமல் போவதை ரிஃப்ராக்டோமீட்டரில் பார்த்து நிறுத்தலாம். ஆனால் அப்படிச் செய்தால் அது "பழச் சாரம்" இல்லை, "பீனால் பகுதி". பெயரை மாற்றி எழுதுங்கள்.

மிச்சமான 8 எலியை நான் முதலில் சொன்ன "சேதத்துக்குப் பிறகு" குழுவுக்குக் கொடுங்கள்.

சீரம் | 6 நவம்பர், காலை 9.30

ஒரு திருத்தம், இது என் பதிவுக்கே. டிரோபோனின் வாங்கச் சொன்னேன், நேரம் சொல்லவில்லை. எலியில் டிரோபோனின் முதல் சில மணி நேரத்தில் உச்சத்துக்குப் போய், 24 மணியில் பெரும்பாலும் இறங்கிவிடும். 31-ஆம் நாள் மட்டும் எடுத்தால் நோய்க் குழுவிலேயே அது குறைவாக இருக்கும், கிட் காசு வீண். முதல் ஊசி போட்ட 4 மணி நேரத்தில் வால் சிரையில் 0.3 மி.லி. ரத்தம் எடுங்கள். கண்ணுக்குப் பின்னாலிருந்து எடுப்பதை விட அது எலிக்கும் நல்லது, சிகே-க்கும் நல்லது. இறுக்கிப் பிடித்துத் திமிற விட்டாலே எலும்புத் தசையிலிருந்து சிகே ஏறும்.

கல்வம் | 6 நவம்பர், மதியம் 3.20

நல்ல திருத்தம். அதோடு, செத்த எலிகளைப் பற்றி ஒன்று. 29-ஆம் நாள் இரவில் சில சாகும். கனமான, வயதான எலிகள் முதலில் போகும். அதிகம் சேதமான இதயம்தான் சாகிறது, ஆகவே 31-ஆம் நாள் அளப்பது தப்பிப் பிழைத்தவற்றை. நோய்க் குழுவில் 3 செத்து, சாரக் குழுவில் ஒன்றும் சாகாவிட்டால், நொதி அளவு இரண்டிலும் ஒன்றாக இருந்தாலும் சாரம் வேலை செய்திருக்கலாம். அட்டவணையில் "n=6" என்று மட்டும் போட்டு மறைத்துவிடாதீர்கள். எத்தனை எலியில் தொடங்கினீர்கள், எந்த நேரத்தில் எது செத்தது என்று எழுதுங்கள். எடை எல்லாம் 180-200 கிராமுக்குள் இருக்கட்டும்.

ஒப்பீட்டுக்குக் கார்வெடிலால் என்ற மருந்து கொடுக்கும் குழு வைப்பீர்கள். அது பீட்டா ஏற்பியை நேராகவே அடைக்கும், அதனால் இந்த மாதிரியில் எப்போதும் ஜெயிக்கும். சாரமும் அதே வழியில் போகிறதா என்று தெரிய, ஊசி போட்ட முதல் மணி நேரம் இதயத் துடிப்பை எண்ணுங்கள். துடிப்பு நோய்க் குழு அளவுக்கே எகிறி, சேதம் மட்டும் குறைந்தால்தான் "ஏற்பியைத் தாண்டிய பாதுகாப்பு" என்ற பேச்சுக்கு இடம். இசிஜிக்கு மயக்க மருந்தாகக் கீட்டமின்-சைலசின் போட்டால் சைலசினே துடிப்பைக் குறைக்கும். ஐசோஃப்ளூரேன் என்ற மயக்க வாயுவுக்குத் தானே இதயத்தைக் காக்கும் குணம் உண்டு. இரண்டில் எதை எடுத்தாலும் எல்லாக் குழுவுக்கும் அதே அளவு, அதே நேரம்.

உயிருள்ள தசையையும் செத்த தசையையும் நிறத்தால் பிரித்துக் காட்டும் டிடிசி சாயமும் செய்வீர்கள் என்று நினைக்கிறேன். இதயத்தை −20-இல் 20 நிமிடம் இறுக விட்டு 2 மி.மீ. துண்டாக வெட்டி, 1% டிடிசி, பிஹெச் 7.4 பாஸ்பேட் பஃபர், 37 டிகிரி, 15-20 நிமிடம். உயிருள்ள தசை செங்கல் சிவப்பு, செத்தது வெளிறல். குழாயைக் கட்டிச் செய்யும் மாதிரியில் வெளிறிய பகுதிக்கு ஓரம் தெளிவாக இருக்கும், கோடு போட்டு அளக்கலாம். இதில் புள்ளிகளாகச் சிதறி இருப்பதால் கோடு போட முடியாது. படத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள், எண்ணுக்கு ஹிஸ்டாலஜி (திசுவை நுண்ணோக்கியில் பார்ப்பது). ஸ்லைடில் குழு பெயர் எழுதாமல் எண் மட்டும் எழுதி, மதிப்பெண் போடுபவருக்குத் தெரியாமல் கொடுங்கள்.

பவானிக்கரை | 7 நவம்பர், காலை 7.40

எலி இருக்கட்டும். மனிதர்களில் ஹாதார்ன் (ஐரோப்பிய முள்மரம்) பழச் சாரத்தை 2,600-க்கு மேற்பட்ட இதயச் செயலிழப்பு நோயாளிகளிடம் சோதித்திருக்கிறார்களே?

கல்வம் | 7 நவம்பர், காலை 8.30

சோதித்தார்கள், பழத்தை இல்லை. 2008-இல் வெளிவந்த ஸ்பைஸ் ஆய்வு அது. 2,681 பேர், ஒரு நாளைக்கு 900 மி.கி., 24 மாதம். கொடுத்தது டபிள்யூஎஸ் 1442 என்ற சாரம், அது ஹாதார்னின் இலையும் பூவும். ஆலிகோமெரிக் புரோசயனிடின் என்ற டானின் வகை 18.75% என்று நிர்ணயித்தது. வழக்கமான மருந்துகளோடு சேர்த்துக் கொடுத்தார்கள், பாதகம் பெரிதாக இல்லை. ஆனால் முதன்மை இலக்கில் போலி மாத்திரையோடு குறிப்பிடத்தக்க வித்தியாசம் வரவில்லை. ஆய்வகத்திலும் சிறு ஆய்வுகளிலும் நன்றாக இருந்த சாரம் அது. நெல்லிக்காயில் மனிதர்களிடம் நடந்தவை இதைவிட மிகச் சிறியவை. அளந்ததும் கொழுப்பு, ரத்தக்குழாய்ச் சுவர், அழற்சி மாதிரியானவைதான். மாரடைப்பு குறைந்ததா என்று அளக்கவில்லை.

மாணவிக்கு: 200 மி.கி./கிலோ எலி டோஸை உடல் பரப்புக் கணக்கில் மாற்றினால் 6/37-ஆல் (எலிக்கு 6, மனிதனுக்கு 37 என்ற மாற்று எண்கள்) பெருக்க வேண்டும். 32.4 மி.கி./கிலோ, 60 கிலோ ஆளுக்கு 2 கிராமுக்குச் சற்றுக் குறைவு. சாரத்தின் விளைச்சல் 40%, சதையில் ஈரம் 82% என்றால் அது சுமார் 27 கிராம் பச்சைச் சதை, பெரிய காயாக ஒன்று. இந்த ஒரு வரியை விவாதப் பகுதியில் போடுங்கள். 1 கிராம்/கிலோ கொடுத்து எழுதும் பேப்பர்களில் இந்தக் கணக்கைப் போட்டால் ஒரு நாளைக்கு 10 கிராம் சாரம் விழுங்க வேண்டியிருக்கும்.

பவானிக்கரை | 7 நவம்பர், மாலை 6.00

பழம்தானே, மாத்திரையோடு சேர்த்துச் சாப்பிட்டால் என்ன என்று வீட்டில் கேட்கிறார்கள்.

கல்வம் | 7 நவம்பர், இரவு 7.15

பழத்தைப் பொறுத்தது. கிரேப்ஃப்ரூட்டும் பம்பளிமாஸும் குடல் சுவரில் மருந்துகளைச் சிதைக்கும் சிஒய்பி3ஏ4 நொதியைச் செயலிழக்க வைக்கும். சிம்வாஸ்டாடின் (கொழுப்பு மாத்திரை), ஃபெலோடிபின் (ரத்த அழுத்த மாத்திரை) போன்றவை ரத்தத்தில் பல மடங்கு ஏறும். நொதி புதிதாக உருவாக ஒன்றிரண்டு நாள் ஆகும் என்பதால், காலையில் பழம் ராத்திரியில் மாத்திரை என்று பிரித்தும் பயனில்லை. ரோசுவாஸ்டாடின் என்ற இன்னொரு கொழுப்பு மாத்திரை இந்த வழியில் போவதில்லை. சிறுநீரகம் பழுதானவர், ஸ்பைரனோலாக்டோன் (பொட்டாசியத்தை உடலில் நிறுத்தும் மாத்திரை) எடுப்பவர் பழச்சாறு, சாரம் எதுவானாலும் பொட்டாசியத்தை மனதில் வைத்து மருத்துவரிடம் கேட்டுவிட்டுச் சாப்பிட வேண்டும்.

இதயத்தில் வேலை செய்யும் பழம் என்றால் காக்கும் பழம் என்று அர்த்தமில்லை. மஞ்சள் அரளிக் கொட்டையில் இருக்கும் தெவெட்டின் இதயத்தைத்தான் தாக்குகிறது. தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் அந்த விதையைத் தின்று ஆஸ்பத்திரிக்கு வருபவர்கள் உண்டு; டிஜாக்சின் எதிர்ப்புத் துண்டுகள் (நஞ்சைப் பிடித்துக்கொள்ளும் ஆன்டிபாடித் துண்டுகள்) கிடைத்தால் அவற்றைக் கொடுத்துத் துடிப்பை மீட்கலாம். கொடுக்கிற வழி, அளவு, பழத்தின் பெயர் மூன்றையும் விடாமல் எழுதச் சொல்வது இதற்காகத்தான்.

மாணவி_மருந்தியல் | 19 நவம்பர், மாலை 5.20

புதுப் பழம் வாங்கி, சான்றும் வாங்கிட்டேன். எவாப்பரேட்டரில் எத்தனால் போனதும் நுரை பொங்கி மேலே ஏறிடுச்சு. ஃப்ரீஸ் டிரையர்ல காய்ஞ்சது, ஆனா வெளியே எடுத்த பத்து நிமிஷத்துல ஈரமாகி ஸ்பேட்டுலாவுல மிட்டாய் மாதிரி ஒட்டுது. மால்டோடெக்ஸ்ட்ரின் (மாவுச்சத்துப் பொடி) சேர்க்கலாமா? செல்லிலும் ஒரு சோதனை செய்யச் சொல்றாங்க, எச்9சி2 (ஆய்வகத்துல வளர்க்கும் எலி இதயச் செல்).

கல்வம் | 19 நவம்பர், இரவு 8.40

நுரைக்கு: குடுவையை மூன்றில் ஒரு பங்குக்கு மேல் நிரப்பாதீர்கள். எத்தனால் தீர்ந்ததும் வெற்றிடத்தைச் சற்றுத் தளர்த்தி, பாதி வற்றியதும் எடுத்து மிச்சத்தை ஃப்ரீஸ் டிரையரில் விட்டுவிடுங்கள்.

ஒட்டுவது சர்க்கரையும் அமிலமும். மால்டோடெக்ஸ்ட்ரின் சேர்த்தால் ஒட்டாது, ஆனால் டோஸில் பாதி மாவாகிவிடும். சேர்த்தே ஆக வேண்டுமென்றால் எத்தனை சதவீதம் என்று எழுதி, டோஸை அதற்கேற்ப ஏற்றுங்கள். எனக்குச் சரியாகப் படுவது: சேர்க்காமல், உலர்ந்ததும் வெளியே எடுத்துக் கிளறாமல், நாள் கணக்குக்கு ஏற்ற சிறு பழுப்புக் குப்பிகளாகப் பிரித்து, சிலிக்கா ஜெல்லோடு மூடி −20-இல் வைப்பது. ஒரு நாளைக்கு ஒரு குப்பி. குப்பி அறை வெப்பத்துக்கு வந்த பிறகுதான் மூடியைத் திறக்க வேண்டும், இல்லையென்றால் உள்ளே பனித்துளி இறங்கும்.

செல் சோதனை: டானின்கள் அப்படியே ரத்தத்துக்குப் போவதில்லை. குடல் பாக்டீரியா எல்லாஜிடானின்களை யூரோலித்தின்களாக மாற்றிய பிறகுதான் இதயத்துக்கு ஏதாவது வருகிறது, அதுவும் ஆளுக்கு ஆள் வேறு. சாரத்தை நேராகச் செல் மேல் ஊற்றினால் இரண்டு ஏமாற்றங்கள். கேலிக் அமிலம், செல் வளர்க்கும் டிஎம்இஎம் ஊடகத்தில் தானாக ஆக்சிஜனேற்றமாகி ஹைட்ரஜன் பெராக்சைடு உண்டாக்கும். உயிருள்ள செல் மட்டுமே ஊதாவாக்க வேண்டிய எம்டிடி சாயத்தைச் செல் இல்லாமலேயே சாரம் ஊதாவாக்கும். செல் இல்லாத கிணறுகளில் (சோதனைத் தட்டின் குழிகள்) சாரமும் எம்டிடியும் மட்டும் வைத்து ஒரு வரிசை ஓட்டுங்கள். அந்த வரிசை ஊதாவானால், செல்லைக் கழுவிப் புது ஊடகம் மாற்றிய பிறகு எம்டிடி போடுங்கள்.

விளைச்சலை ஈரம் கழித்து எழுதுங்கள். 105 டிகிரி அடுப்பில் வேண்டாம், சர்க்கரை சிதைந்து எடை போகும். 60 டிகிரி வெற்றிட அடுப்பில் எடை நிற்கும் வரை.